தாழ் எடுத்த கை

கண்ணுக்கு என்ன என்றுதானே கேட்டாய் தங்கச்சி. நீ ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டாய், எனக்கு ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாது. மண் விழுந்தது என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் எப்படி விழுந்தது என்று நீ அடுத்ததாகக் கேட்பாய். அதைச் சொல்லப்போய் நான் முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். போலீஸ்காரர் கேட்டபோது ஒரு மாதிரி சொன்னேன். அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் வேறு மாதிரி சொன்னேன். இரண்டிலும் பெரிய பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றுபோல இல்லை.

எங்கள் ஊரில் கதையைத் தப்பாகச் சொல்லக்கூடாது. கோயில் கொடைத் திருவிழாவில் சண்டைக் கதை பாடுகிறவர் ஒரு ஆளின் பெயரை விட்டுவிட்டால் திரும்பவும் முதலில் இருந்து பாடவேண்டும். விட்டுப்போன செத்தவன் வந்து என் பெயர் எங்கே என்று கேட்பான் என்பார்கள். அதனால் நான் எங்கேயாவது குழம்பினால் நீயே நிறுத்திக் கேள். அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து மூடுகிறாயா? காற்று கண்ணில் அடிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப் வர இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கள் ஊர் கோட்டைவிளாகம். கோட்டை இப்போது இல்லை. கோயிலுக்கு எதிரே இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன, அதுதான் அந்தக் காலத்துக் கோட்டை வாசல். ஆற்றுக்கு அக்கரையில் மேலக்கரை. அந்த ஊர்க்காரர்கள் படை திரட்டி வந்து எங்கள் கோட்டையை வளைத்தார்களாம். உள்ளே தானியம் தீர்ந்து, புளியங்கொட்டையை அவித்துத் தின்று சண்டை போட்டார்களாம் எங்கள் ஆட்கள். கோட்டை விழவே இல்லை. கடைசியில் வாசல் காவல்காரன் மாடக்கண்ணு எதிரியிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு கதவின் தாழை எடுத்துவிட்டான். உள்ளே புகுந்து எல்லாரையும் வெட்டிப்போட்டார்கள். இதுதான் பாட்டு.

சித்திரை மாத உச்சிக் கொடையில், வெயில் தலைக்கு நேரே நிற்கும்போது பாடுவார்கள். பாட்டில் ஒவ்வொரு வீரனாகச் சாவான். அவன் சாகிற அடி வந்ததும் அவனுடைய வம்சத்து ஆள் முன்னால் போவான். கோயிலில் தலைக்குத் துண்டு கட்டி, திருநீறு பூசி அனுப்புவார்கள். முதல் துண்டு தர்மகர்த்தா நல்லகுற்றாலம் வீட்டுக்கு. அவருடைய முப்பாட்டன் கோட்டைத் தலைவரின் மைத்துனர். படைக்குப் பெரியவர். வாசலில் நின்று மார்பில் வேல் வாங்கிச் செத்தவர்.

நாங்கள் மாடக்கண்ணு வம்சம். வாசல்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள்.

எங்களுக்கும் ஒரு முறை உண்டு. எல்லாருக்கும் துண்டு கட்டி முடிந்த பிறகு எங்கள் வீட்டு ஆள் அந்த இரண்டு தூண்களுக்கு நடுவில் போய் நிற்கவேண்டும். பாட்டுக்காரர் கேட்பார், ‘தாழை எடுத்தது யார் கை?’ என்று. எங்கள் ஆள் ‘எங்க கை எடுத்தது’ என்று சொல்லவேண்டும். இப்போது மைக் வந்துவிட்டது, மைக்கில் சொல்லவேண்டும். சொன்னதும் ஊரே குளத்து மண்ணை அள்ளி எறியும். அவ்வளவுதான். குளித்துவிட்டு வந்தால் சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கும் இலை போடுவார்கள். யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். நான் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை தங்கச்சி. தண்ணீர் ஊற்றினால் போகிற மண்தானே. என் வீட்டுக்காரர் வருவார், காதுக்குள் எல்லாம் சேறு இருக்கும். நான் பழைய சேலையின் முனையைத் திரித்துத் துடைத்துவிடுவேன். கொஞ்ச நாளைக்குப் பேசமாட்டார். ஆண்பிள்ளைகள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவார்கள்.

என் மகன் பலவேசம் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது கேட்டான், “யம்மா, நமக்கு எப்பம்மா துண்டு கட்டுவாவ?” என்று. “நமக்கு மண்ணுலே. மண்ணுதான் நமக்கு,” என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு வருஷம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. அவர் தம்பி செல்லையாதான் போய் நின்றிருக்கவேண்டும். அவன் போகவில்லை. “போங்க மதினி, செத்தவன் திறந்தானோ மூடுனானோ, நான் எதுக்குச் சேறு வாங்கணும்?” என்று சொல்லிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். பாட்டு அந்த இடத்தில் நின்றுபோய்விட்டது. ஊர் அப்படியே கலைந்தது. அடுத்த வாரம் அவனைக் கோயில் கிணற்றில் இருந்து எடுத்தார்கள். ஆற்றை நீந்திக் கடப்பவன் அவன். வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள். நாங்களும் வழுக்கி விழுந்துவிட்டான் என்றே சொன்னோம். என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு போய் அந்த வருஷத்து மண்ணை வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு பலவேசம் நின்றான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கொடைக்கு வருவான், நிற்பான், குளிப்பான், ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பிவிடுவான். பந்தியில் உட்காரமாட்டான். அதுவே எனக்குக் குறைதான். இலை போட்டுக் காத்திருப்பார்கள், எழுந்து போனால் என்ன நினைப்பார்கள்?

சரி, அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். அவள் பெயர் சங்கரேஸ்வரி. சாத்தூர்ப் பக்கம். சண்டைக் கதைப் பாட்டுகளைப் படித்துப் பெரிய பட்டம் வாங்கப்போகிறாளாம். பொங்கல் கழிந்து வந்தாள். நல்லகுற்றாலம்தான் என் வீட்டில் தங்கவைத்தார். “ஏளா சொர்ணம், ஒத்தையில கெடக்க, உனக்கும் தொணையாச்சு. நம்ம பாட்டு பொஸ்தகத்துல வரப்போவுது,” என்றார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் வீட்டுப் பெரியவர் பெயர் புத்தகத்தில் வரும் அல்லவா.

அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டாள். தெருவில் ஒரே கேலி. “என்ன சொர்ணம், மருமவ வந்தாச்சா? சீதனம் என்ன, அந்தப் போனா?” என்பார்கள். அந்தப் போன்தான் அவளுக்கு எல்லாம். பாட்டுக்காரரைப் பாடவைத்து அதில் பிடித்துக்கொண்டு வருவாள். காதில் வயரை மாட்டிக்கொண்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். சோறு ஆறிப்போகும்.

“செத்தவனெல்லாம் எங்கயும் போவமாட்டான். நீ முதல்ல சாப்பிடு,” என்பேன்.

“இல்ல அத்தை, ஒரு கணக்கு இடிக்குது. இந்த மைத்துனர் இருக்காரே, அவரு வடக்குக் கொத்தளத்துல குதிரை மேல நிக்கிறாருன்னு பாட்டு சொல்லுது. அப்புறம் அவரு அங்கிருந்து வந்தாருன்னு ஒரு அடியும் இல்ல. ஆனா வாசல்ல கிடந்து சாகிறாரு. எப்படி?”

“பாட்டு கெட்டுனவன் கள்ளு குடிச்சிருப்பான்.”

அவள் சிரித்தாள். ஆனால் விடவில்லை. மைத்துனர் சாகிற அடிகளில் குதிரையும் இல்லை, வாளும் இல்லை, வாசல் கம்பைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறாராம். படைக்குப் பெரியவர் எதற்கு வாசல் கம்பைப் பிடிக்கவேண்டும் என்று கேட்டாள். அந்தச் சாவு வேறு யாருக்கோ பாடியது, பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்றாள். வாசல் கம்பு யார் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? “அந்தப் பக்கம் போவாத தாயி. வேற பாட்டு எதையாச்சும் படி,” என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஒருநாள் காலையில் பஸ் ஏறி மேலக்கரைக்குப் போய்விட்டாள். அவர்கள் ஊரிலும் அதே சண்டையைப் பாடுகிறார்களாம். வளைத்தவர்கள் பாட்டு. அங்கே ஒரு அம்மா அதை மனப்பாடமாக வைத்திருக்கிறது. இவள் சாயங்காலம் திரும்பி வந்தாள். முகம் என்னவோபோல் இருந்தது. அன்றைக்குப் பார்த்துப் பலவேசமும் லீவில் வந்திருந்தான், சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுக்களையில் உட்கார்ந்து போனை வைத்தாள். அந்த அம்மா குரல் கரகரவென்று வந்தது. நாலு அடிதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

முன்னே நின்ற எங்கள் வேல்
முழுசாய் உள்ளே இறங்கவில்லை
பின்னே வந்த சொந்த வேல்
பிடரி வழியே நுழைந்ததடா

மாடக்கண்ணு திறக்கவில்லையாம் தங்கச்சி. வாசலில் கம்போடு நின்று அவர்களை உள்ளே விடவே இல்லையாம். தலைவரின் மைத்துனர்தான், நல்லகுற்றாலத்தின் அந்த முப்பாட்டன், நிலத்துக்கு ஆசைப்பட்டு, பின்னால் வந்து இவனைக் குத்திப்போட்டுத் தாழை எடுத்தாராம். எதிரி பாடுகிறான் இதை. அது மட்டும் இல்லை. அவர்கள் கொடையில் மாடக்கண்ணு செத்த அடி வந்ததும் ஒரு துண்டு எடுத்து வைப்பார்களாம். வாங்க ஆள் இல்லாததால் ஆற்றங்கரைக் கல்லில் கட்டிவிடுவார்களாம். இத்தனை காலமாக. இந்த வருஷத்துக்கு வாங்கி வைத்திருந்த துண்டை அந்த அம்மா, “அவர் வீட்டு ஆளு அங்க இருக்காவளாமே, குடுத்துரு,” என்று இவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டது. இதோ, கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேனே, இதுதான். நல்ல துணி. தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது. ஊரில் வெளியே எடுக்க முடியாது.

பலவேசம் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். “யம்மா, அவன் தெறக்கலையாம்,” என்றான்.

“யாருலே?”

“நம்ம ஆளு.”

“தெறந்தா என்ன, தெறக்காட்டி என்ன? நீ சாப்பிடுலே.”

“அப்பா காதுல இருந்து சேறு எடுப்பியே, அப்பம் தெரியலையா என்னன்னு?” என்று கேட்டான். என்னைப் பார்த்து அப்படிக் கேட்டான். பிறகு சங்கரேஸ்வரியிடம், “இந்த வருசம் நான் மைக்குல எதுவும் சொல்லமாட்டேன். இதப் போடுதேன். அந்தம்மா சொல்லட்டும்,” என்றான்.

“நான் எழுதி முடிக்கிறவரை பொறுங்களேன்,” என்றாள் அவள். “அப்புறம், அது உங்க பாட்டு. போடாதீங்கன்னு சொல்ல நான் யாரு?”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனோடு போனை ஒட்டி வைத்துக்கொண்டு என்னமோ செய்தார்கள். வயசுப் பிள்ளைகள். நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றையில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் செல்லையாவைக் கிணற்றில் இருந்து தூக்கினது வரும். அவன் வேட்டியில் இருந்து சொட்டின தண்ணீர் வரும். ஆனால் முகம் மட்டும் பலவேசம் முகமாக இருக்கும். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. மாடக்கண்ணு யாரென்றே நான் பார்த்ததில்லை. என்றைக்கோ செத்தவனுக்கு நல்ல பெயர் வாங்க, இருக்கிற பிள்ளையை நான் விடமுடியுமா? நீ சொல், உனக்கும் மடியில் பிள்ளை இருக்கிறது.

யாரிடம் போவேன்? பெரியவர்கள் காதில் போட்டுவிட்டால் அவர்களே இரண்டு தட்டுத் தட்டிப் பிள்ளைகளை அடக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். மறைத்து வைத்துப் பிறகு வெடித்தால் இன்னும் மோசம். அதனால் நல்லகுற்றாலம் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றேன். “உள்ள வா, உக்காரு,” என்றார். வாழ வந்த நாளில் இருந்து அந்த வீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேலக்கரை, அந்த அம்மா, போன், மைக், எல்லாம். துண்டை மட்டும் சொல்லவில்லை. அது அரிசிப் பானைக்குள் இருந்தது.

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

“படிக்கிற பிள்ளை, அதுமேல நமக்கு என்ன கோவம்?” என்றார். “அந்தப் போன்லதான எல்லாம் இருக்கு? போன் போயிட்டா பேச்சும் போச்சு. நாளைக்கு மத்தியானம் நீ வீட்டுல இருப்பியா?”

“தண்ணி வருமே, பைப்புக்குப் போவேன்.”

“போயிட்டு வா. உங்க பின்வாசல் தாழ்ப்பாள் துருப்பிடிச்சு சத்தம் போடும்லா? அத மட்டும் எடுத்துவிட்டுட்டுப் போ.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“பலவேசம் நம்ம பிள்ளைலா,” என்றார். “செல்லையா மாதிரி ஆயிரக்கூடாதுல்லா, அதான் பாக்கேன்.”

செல்லையா பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார். காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

பலவேசம் அதற்கு முன்னாலேயே திருப்பூருக்குப் போயிருந்தான். அதுவரைக்கும் நல்லது. மறுநாள் சமையலை முடித்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது உண்மைதான். இழுத்தால் தெருவுக்கே கேட்கும். தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் தொட்டு விட்டேன். சத்தமில்லாமல் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். சங்கரேஸ்வரி கூடத்துச் சுவரில் சாய்ந்து காதில் வயரோடு இருந்தாள். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, “எங்க அத்தை?” என்றாள்.

“பைப்புக்கு.”

“நானும் வரட்டா? ரெண்டு குடம் தூக்கலாம்.”

“வேண்டாம் தாயி. வெயிலு. நீ கேளு,” என்றேன்.

வயரைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அதனால்தான் அவர்கள் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மாட்டாமல் இருந்திருந்தால் முன்வாசல் வழியாக ஓடியிருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் என்ன செய்ய முடியும்?

பைப்பில் நாலைந்து பேர் நின்றார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் குடம் நிறைந்து வழிந்தது. “சொர்ணம், கொடம் நெறஞ்சிட்டு,” என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். நான் குடத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் பிடித்தேன்.

போனை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கொடுக்காமல் மல்லுக்கட்டியிருக்கிறாள். கொடுத்துத் தொலைத்திருக்கலாம். போன் என்ன உயிரா? பின்பக்கம் துவைக்கிற கல்லோரத்தில் கிடந்தாள். கை ஒரு பக்கமாக மடங்கி இருந்தது. காதில் இருந்து ரத்தம். போன் தூளாகக் கிடந்தது. நான் வீட்டுக்குள் வந்ததும் முதலில் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு அதைத் திறந்துகொண்டு வெளியே போய் அவளைப் பார்த்துக் கத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே. கதவு சாத்தியிருந்தது என்று சொல்லவேண்டும் அல்லவா, சொல்லும்போது பொய்யாக இருக்கக்கூடாது அல்லவா.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஒரு காது கேட்கவில்லை. பேச்சுத் தட்டுகிறது, யோசித்து யோசித்துப் பேசுகிறாள். படிப்பை விட்டுவிட்டாள் என்று கேள்வி. அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டி என் பிள்ளை அங்கேயே கிடந்து செத்திருக்கும்மா,” என்று அழுதார். நல்ல மனிதர். அவரிடம் பின்கதவு சாத்தித்தான் இருந்தது என்று சொன்னேன். போலீஸிடம் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னேன். அந்தத் துவைகல் வழுக்கும்தான்.

பலவேசம் செய்தி கேட்டு ஓடிவந்தான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்கதவுக்குப் போனான். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான். சத்தம் வரவில்லை. விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தான். சட்டையில் துடைத்துக்கொண்டான். நான் சோறு வைத்தேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான். நான் போன் போட்டால் எடுப்பதில்லை. ஒருவேளை கம்பெனியில் பேசவிடமாட்டார்களோ என்னமோ.

நேற்றுக் கொடை. போன வாரமே நல்லகுற்றாலம் ஆள் அனுப்பிவிட்டார். மகன் வராவிட்டாலும் வீட்டில் இருந்து ஒரு ஆள் நிற்கவேண்டும், முறை தப்பக்கூடாது என்று. பொம்பளை நின்றது இல்லையே என்று கேட்டேன். இந்தத் தடவை நிற்கலாம் என்றாராம். ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

வெயில் தாங்கவில்லை. எல்லாரும் செத்தார்கள், எல்லாருக்கும் துண்டு கட்டினார்கள். நல்லகுற்றாலம் முதல் துண்டோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் தூண்களுக்கு நடுவில் போய் நின்றேன். அந்த இடத்தில் கல் தேய்ந்து பள்ளமாக இருக்கிறது தங்கச்சி, என் வீட்டுக்காரர் நின்ற பள்ளம். கால் அதில் தானாகப் போய் உட்கார்ந்தது. பாட்டுக்காரர் என் பக்கமாக மைக்கைத் திருப்பி வைத்தார்.

தலை நிமிரக்கூடாது. ஆனாலும் மைக் செட்டு இருக்கிற பக்கம் யாரோ வேகமாக நடக்கிறது தெரிந்தது. நிமிர்ந்துவிட்டேன். பலவேசம். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். மைக் செட்டுக்காரனிடம் குனிந்து என்னமோ கேட்கிறான், அவன் வயரை எடுத்து நீட்டுகிறான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அன்றைக்கு இரண்டு பேரும் போனோடு போனை ஒட்டி வைத்து என்ன செய்தார்கள் என்று. பாட்டு இவனிடமும் இருக்கிறது. நல்லகுற்றாலமும் நிழலில் இருந்து அந்தப் பக்கம் பார்த்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் நகர்ந்தார்கள்.

பாட்டுக்காரர் ‘தாழை எடுத்தது’ என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டு முடிக்கிறவரைக்கும் நான் காத்திருக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எங்க கை எடுத்தது!” என்று கத்தினேன். ஆறு தாண்டிக் கேட்டிருக்கும். கேட்டது போதாதோ என்று பயந்து இன்னொரு தடவையும் சொன்னேன். “எங்க கைதான் எடுத்தது!”

பலவேசம் நின்றுவிட்டான். என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது, ஒரு நொடியாகத்தான் இருக்கும். நான் அவனுக்குத் தலையை ஆட்டினேன், வேண்டாம் ஐயா, போய்விடு என்று. அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண் குவித்திருந்த இடத்துக்கு வந்தான். குனிந்தான்.

நான் கண்ணை மூடியிருக்கவேண்டும். அவனைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மூட மறந்துவிட்டேன். ஊர் எறிகிற மண் மேலே எங்கேயாவது விழும், யாரும் குறி பார்த்து எறிவதில்லை. இது நேரே வந்தது. கல்லும் சேர்ந்து இருந்திருக்கும்.

எல்லாரும் பாவம் என்றார்கள். பெற்றவள் மேல் எறிந்துவிட்டானே என்று. அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்கு அப்போதுதான் தங்கச்சி மூச்சே வந்தது. அந்த இரண்டு பேரும் திரும்பி நிழலுக்குப் போய்விட்டார்கள். நல்லகுற்றாலம் தலையை ஆட்டிச் சிரித்தார். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது, புரிந்துகொண்டான். ஊரோடு சேர்ந்து மண்ணை அள்ளிவிட்டான், இனி அவனை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வழிய அப்படியே நின்றேன். பாட்டு முடிகிறவரைக்கும் நகரவில்லை. பிறகு குளித்துவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பலவேசத்துக்கும் ஒரு இலை போடச் சொன்னேன். அவன் வரவில்லை. இரண்டு இலையிலும் நானே சாப்பிட்டேன்.